மூச்சு வாங்கினால், நெஞ்சு அழுத்தினால் எந்தப் பரிசோதனை? சேலத்திலும் ஏற்காட்டிலும் முதல்முறை போகிறவர்களுக்கு

ஈசிஜி, எக்கோ, டிஎம்டி, பிஎஃப்டி, சிடி என்று டாக்டர் சீட்டில் வரிசையாக எழுதிக் கொடுத்துவிடுவார். வெளியே வந்ததும் கூட வந்தவர் கேட்கும் முதல் கேள்வி, “இதில் எது நல்ல டெஸ்ட்?” என்பது. அப்படி ஒன்று கிடையாது. ஒவ்வொரு பரிசோதனையும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். இதயத் துடிப்பின் மின்னோட்டம் சரியா என்று ஈசிஜி சொல்லும், தசை நன்றாகச் சுருங்குகிறதா என்று எக்கோ சொல்லும், நடக்கும்போது இதயத்துக்குப் போதிய ரத்தம் போகிறதா என்று நடைப்பட்டைப் பரிசோதனையான டிஎம்டி சொல்லும், மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கிறதா என்று பிஎஃப்டி சொல்லும். எந்தக் கேள்விக்காக அனுப்புகிறார்கள் என்று தெரிந்துகொண்டு போனால் பாதி பயமும் கொஞ்சம் பணமும் மிச்சம்.

முதலில், பரிசோதனைக்கு அலையக் கூடாத நேரம்

நெஞ்சின் நடுவில் பாரம் வைத்தது போன்ற அழுத்தம், அது இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுவது, கூடவே குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல். இது சில நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் ‘வாயுப் பிடிப்பு’ என்று சோடா குடித்துக்கொண்டு இருக்கக் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் மூச்சுத் திணறலும் வியர்வையும் களைப்புமாகவும் மாரடைப்பு வரலாம். 108ஐக் கூப்பிடுங்கள். எந்த ஸ்கேன் சென்டரையும் தேடிப் போகாதீர்கள்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சேலம் பக்கச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். நோயாளியைப் பின் சீட்டில் சாய்த்துவிட்டு, பதற்றத்தோடு நீங்களே காரை இறக்குவது ஆபத்து. வழியில் நிலைமை மோசமானால் கையில் ஒன்றும் இருக்காது. மலையிலேயே உள்ள அரசு மருத்துவமனையில் ஈசிஜி எடுத்து, முதல் மருந்தைக் கொடுத்து, ஆம்புலன்ஸில் கீழே அனுப்பச் சொல்லுங்கள். மாரடைப்பு சந்தேகம் என்றால் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகளின் முதல் தவணையை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்து அனுப்புவதற்காக, ‘இதயம் காப்போம்’ என்ற திட்டத்தைத் தமிழக அரசு 2023இல் தொடங்கியிருக்கிறது. அடைப்பு எடுக்கும் வசதி உள்ள இடத்துக்குச் சேருவதற்குள் ஆகும் நேரத்தில் அந்த மாத்திரை வேலை செய்துகொண்டிருக்கும்.

போவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்

அவசரம் இல்லை, ஆனால் சில வாரமாகவே தொந்தரவு இருக்கிறது. சரி, அப்படியென்றால் டாக்டரைப் பார்க்கும் முன் ஒரு தாளை எடுங்கள். எப்போதிலிருந்து, எந்த நேரத்தில், என்ன செய்தால் அதிகமாகிறது? மாடிப்படியிலா, படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருக்கிறதா, அதிகாலைக் குளிரில் வீசிங் சத்தமா? படுத்தால் முட்டுவதும் கால் வீங்குவதும் இதயத்தின் பக்கம் யோசிக்க வைக்கும். தூசியிலும் குளிரிலும் இளைப்பு வருவது நுரையீரலின் பக்கம். ஏற்காட்டுக்காரர்களுக்கு இன்னொரு நல்ல அளவு இருக்கிறது: போன வருஷம் நிற்காமல் ஏறின அதே ஏற்றத்தில் இப்போது எத்தனை இடத்தில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது என்பதையும் எழுதுங்கள்.

அடுத்தது, என்ன வேலை. இதைக் கேட்காமலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நெரிசலான ஓபியில் கேட்க நேரம் இருக்காது. சேலத்தில் இது சின்ன விஷயம் இல்லை. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிப் பட்டறையில் உருக்குகிற புகையிலும் அமில ஆவியிலும் உட்கார்ந்தவர், மாக்னசைட் சுரங்கத்திலும் கல்குவாரியிலும் தூசி தின்றவர், நூல் மில்லில் பஞ்சுத் தூசியில் நின்றவர், இவர்களின் எக்ஸ்ரேயை டாக்டர் வேறு கண்ணோடு பார்ப்பார். பஞ்சுத் தூசி நோய்க்கு ஒரு அடையாளம் உண்டு: வாராந்திர விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது நெஞ்சு இறுக்கம் அதிகம், வாரம் போகப் போகக் குறையும். அப்படி இருந்தால் அந்த ஒரு வரியை மறக்காமல் சொல்லுங்கள். அப்புறம் விறகடுப்பு. பீடியே தொடாத அம்மாக்களுக்கு சிஓபிடி என்ற நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் வருவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று வருஷக்கணக்கான அடுப்புப் புகை. “நான் சிகரெட் பிடிக்கவே இல்லையே” என்பதோடு பேச்சை நிறுத்திவிட வேண்டாம்.

சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஈசிஜி இருந்தால் அது தங்கம். இன்றைய ஈசிஜியில் ஒரு கோணல் தெரிந்தால், அது புதிதா ஐந்து வருஷமாகவே இருப்பதா என்பதை அந்தப் பழைய தாள்தான் சொல்லும். ஆனால் ஈசிஜி அச்சாகும் தாள் பெரும்பாலும் வெப்பத்தாள், கடை பில் மாதிரி நாளடைவில் வெளுத்துப்போகும். எடுத்த அன்றே ஜெராக்ஸ் எடுங்கள், இல்லை போனில் படம் பிடித்து வையுங்கள்.

எங்கே தொடங்குவது

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது உங்களை ஏற்கெனவே தெரிந்த டாக்டர். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி, அதாவது அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. காலை ஓபிக்கே போய்விடுங்கள். தனியார் பக்கம் போனால் ஐந்து ரோடு, நான்கு ரோடு, சாரதா கல்லூரிச் சாலை என்று ஸ்கேன் சென்டருக்கும் லேபுக்கும் குறைவில்லை. அதனாலேயே டாக்டரைப் பார்க்காமல் நேராக ‘ஹார்ட் பேக்கேஜ்’ எடுத்துவிடும் பழக்கமும் இங்கே வந்துவிட்டது. அதில் எனக்கு உடன்பாடில்லை. எந்தத் தொந்தரவும் இல்லாத முப்பத்தைந்து வயதுக்காரருக்கு டிஎம்டி எடுத்தால், இல்லாத அடைப்பை இருப்பதாகக் காட்டும் வாய்ப்பு கணிசமாக உண்டு, பெண்களுக்கு இன்னும் அதிகம். பிறகு அதைப் பொய் என்று நிரூபிக்க குழாய் விட்டு அடைப்பைப் பார்க்கும் ஆஞ்சியோ வரை போக வேண்டியிருக்கும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இல்லாதவர்கள், பெரிய செலவு வரும் முன்பே வாங்கி வைப்பது நல்லது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டோடும் ஆதாரோடும் கலெக்டர் ஆபீஸில் உள்ள திட்ட மையத்துக்குப் போக வேண்டும். ஆள் ஐசியூவில் இருக்கும்போது விஏஓவைத் தேடி ஓடுவது கொடுமை.

பத்து நிமிஷத்தில் முடிகிறவை

ரத்த அழுத்தம், நாடித் துடிப்பு, ஹீமோகுளோபின், சர்க்கரை. இதில் ஹீமோகுளோபினை ஏளனமாகப் பார்க்காதீர்கள். ரத்தசோகையால் மூச்சு வாங்குகிறவர் எக்கோ, சிடி என்று சுற்றிவிட்டுக் கடைசியில் இரும்புச்சத்து மாத்திரையில் வந்து நிற்பது நடக்கிற கதைதான்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் பெரும்பாலான வீடுகளில் கொரோனா காலத்திலிருந்தே கிடக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் 95 சதவீதத்துக்கு மேல் என்று காட்டினால் பொதுவாக நலம். ஏற்காடு கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரம், காற்றழுத்தம் சமவெளியைவிடக் குறைவு. அதனால் நல்ல ஆரோக்கியமானவருக்கே ஒன்றிரண்டு புள்ளி குறைவாகக் காட்டலாம். அதோடு மார்கழிக் குளிரில் விரல் விறைத்திருந்தால் கருவி ரத்த ஓட்டத்தைச் சரியாகப் பிடிக்காது. கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, நகப்பூச்சும் அடர்ந்த மருதாணியும் இல்லாத விரலில் பாருங்கள். அப்படியும் 92, 91 என்று நின்றால் டாக்டரிடம் போக வேண்டும்.

நுரையீரல் பக்கம்

நெஞ்சு எக்ஸ்ரேதான் முதல் வாசல். சங்கிலி, தாலிக்கொடி, ஊக்கு, கொக்கி வைத்த உள்ளாடை எல்லாம் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் படத்தில் நிழல் விழும். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் மஞ்சள் கயிற்றில் மாற்றிக் கட்டிக்கொண்டு போவது உண்டு. தங்கக் குண்டு, காசு எதுவும் அதில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். “மூச்சை நல்லா இழுங்க, அடக்குங்க” என்று சொல்லும்போது உண்மையிலேயே முழுதாக இழுக்க வேண்டும். அரைகுறையாக இழுத்தால் இதயம் பெரிதாகவும் நுரையீரல் அழுக்காகவும் தெரியும். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காசநோய் இருக்கிறதா என்று பார்க்கச் சளிப் பரிசோதனை. அரசு மருத்துவமனைகளில் இலவசம். பொதுவாக இரண்டு மாதிரி கேட்பார்கள், அதில் ஒன்று காலையில் எழுந்ததும் வருவது. வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து, அடி நெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் ‘நெகட்டிவ்’ என்று வரும், நோய் உள்ளேயே இருக்கும். மற்றவர்கள் பக்கத்தில் இல்லாமல் திறந்த வெளியில் நின்று எடுங்கள். சிபிநாட், ட்ரூநாட் என்ற கருவிகள் சில மணி நேரத்திலேயே காசநோய் உண்டா, அதற்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் அதன்மேல் வேலை செய்யுமா என்று இரண்டையும் சொல்லிவிடும்.

அடுத்து ஸ்பைரோமெட்ரி. பிஎஃப்டி என்று எழுதியிருப்பார்கள். நோயாளியின் உழைப்பை நம்பி நடக்கும் பரிசோதனை இது, அதனால்தான் இதில் அதிகம் சொதப்புகிறார்கள். மூக்கில் கிளிப் போட்டு, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, குழாயை உதட்டால் இறுகக் கவ்வி, முதல் நொடியிலேயே வெடித்தாற்போல ஊத வேண்டும். அதோடு நிற்காமல் ஆறு நொடி வரைக்கும், இனி ஒன்றுமில்லை என்று தோன்றிய பிறகும், ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். டெக்னீஷியன் “ஊதுங்க, ஊதுங்க, இன்னும் ஊதுங்க” என்று கத்துவார், கோபம் என்று நினைக்காதீர்கள். சரியான மூன்று முயற்சி கிடைக்கும்வரை விடமாட்டார். பிறகு மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தை இழுக்கச் சொல்லி, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார். இரண்டாம் சுற்றில் அளவு நன்றாக ஏறினால் ஆஸ்துமா பக்கம் சாயும். மருந்து கொடுத்த பிறகும் முதல் நொடியில் வரும் காற்று மொத்தத்தில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மூச்சுக்குழாய் அடைப்பு, சிஓபிடி என்று யோசிப்பார்கள்.

இதற்குப் போகும்போது வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கக் கூடாது. பாவாடை நாடா, பெல்ட், இறுக்கமான ரவிக்கை இதையெல்லாம் தளர்த்திக்கொள்ளுங்கள். கழிப்பறைக்குப் போய்விட்டு உட்காருங்கள்: பிரசவமான பல பெண்களுக்கு இப்படி அழுத்தி ஊதும்போது சிறுநீர் கசியும், அந்தக் கூச்சத்தில் ஊதாமல் விட்டால் ரிப்போர்ட்டே தப்பாகும். இன்ஹேலரை எத்தனை மணி நேரம் முன்பு நிறுத்துவது என்று டாக்டரிடம் கேளுங்கள். அவசரத்துக்கு இழுப்பது என்றால் பொதுவாக நான்கு முதல் ஆறு மணி நேரம், நீண்ட நேரம் வேலை செய்வது என்றால் பன்னிரண்டுக்கும் மேல். மூச்சு முட்டினால் நிறுத்த வேண்டியதில்லை, இழுத்துவிட்டுப் போய்ச் சொல்லுங்கள். சமீபத்தில் மாரடைப்போ கண் ஆபரேஷனோ நடந்திருந்தால், காசநோய் சந்தேகம் இருந்தால், இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவார்கள்.

சிடி ஸ்கேனை அடுத்த கட்டமாக வையுங்கள். எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு கதிர்வீச்சு. தேவைப்படும்போது தயங்க வேண்டாம், “எதற்கும் ஒன்று எடுத்துப் பார்த்துவிடலாமே” என்று எடுக்கவும் வேண்டாம்.

பிராங்கோஸ்கோப்பி என்றால் மெல்லிய கேமராக் குழாயை மூக்கு அல்லது வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்ப்பது. வெறும் வயிறு கட்டாயம், ஆறு மணி நேரமாவது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்பே சொல்ல வேண்டும். தொண்டையை மரத்துப்போக வைத்துத்தான் செய்வார்கள், அதனால் முடிந்த பிறகு சுமார் இரண்டு மணி நேரம் தண்ணீர்கூடக் கூடாது, புரையேறிவிடும். பரிசோதனைக்காகச் சதை எடுத்திருந்தால் ஒரு நாள் சளியில் லேசாக ரத்தம் தெரியும். கட்டிக்கட்டியாக வந்தால் உடனே திரும்பிப் போங்கள்.

இதயத்தின் பக்கம்

ஈசிஜியில் உடம்புக்குள் எந்த மின்சாரமும் பாய்ச்சுவதில்லை. உங்கள் இதயத்தின் மின்னோட்டத்தைப் படிப்பது மட்டும்தான். மார்பில் ஆறு, கைகால்களில் நான்கு ஒட்டுமுனைகள், அவ்வளவுதான். பெண்கள் முன்பக்கம் திறக்கும் ரவிக்கையோ சட்டையோ போட்டுப் போனால் எளிது, நைட்டியோடு போனால் சங்கடம். பெண் டெக்னீஷியன் வேண்டும் என்று கேட்கலாம், கூச்சப்பட வேண்டியதில்லை.

இதில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே விஷயம்: ஈசிஜி நார்மல் என்பது மாரடைப்பு இல்லை என்ற உத்தரவாதம் அல்ல. அது எடுத்த அந்தச் சில நொடிகளின் கதை. வலி தொடர்ந்தால் மறுபடி எடுப்பார்கள், கூடவே ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனை. இதயத் தசை காயப்பட்டு மூன்று நான்கு மணி நேரம் கழித்துத்தான் ட்ரோபோனின் ரத்தத்தில் நன்றாக ஏறும். அதனால் முதல் தடவை சரியாக இருந்தாலும் சில மணி நேரம் இருக்கச் சொல்லி இரண்டாவது எடுப்பது பில் ஏற்றுவதற்காக அல்ல.

எக்கோ, கர்ப்ப ஸ்கேன் எடுக்கும் அதே ஒலி அலைதான். கதிர்வீச்சு இல்லை, வெறும் வயிறு வேண்டாம். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். ரிப்போர்ட்டில் ‘எல்விஇஎஃப் 60%’ என்று இருந்தால், இதயம் அறுபதுதான் வேலை செய்கிறது, நாற்பது போய்விட்டது என்று அழுதுகொண்டு வருகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு துடிப்பிலும் உள்ளே நிறைந்த ரத்தத்தில் எத்தனை பங்கை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு அது. யாருடைய இதயமும் நூறு தள்ளாது. 55 முதல் 70 வரை நார்மல். அதே போல ‘ட்ரிவியல் எம்ஆர்’, ‘ட்ரிவியல் டிஆர்’ என்பது வால்வில் பெயரளவுக்கான கசிவு, நல்ல இதயத்திலும் இருக்கும்.

டிஎம்டிக்கு நடைப்பட்டையில் ஏற்றி, மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை வேகத்தையும் சரிவையும் கூட்டுவார்கள். கான்வாஸ் ஷூ, பெண்களுக்குச் சுடிதார். இரண்டு மூன்று மணி நேரம் முன்பு லேசாகச் சாப்பிட்டிருக்கலாம். காபி வேண்டாம், எஸ்டேட் காபியாக இருந்தாலும். நாடியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் அன்று சாப்பிடலாமா என்று முன்பே கேட்டுவிட வேண்டும். இதைப் பரீட்சையாக நினைத்து, நெஞ்சு வலித்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கிற ஆண்கள் அதிகம். வலியோ தலைச்சுற்றலோ வந்த நொடியிலேயே சொல்லுங்கள், அது வந்ததே ஒரு விடைதான். முழங்கால் வலிக்காரர்களுக்கு இது சரிப்படாது, வேறு வழி கேளுங்கள்.

அவ்வப்போது படபடப்பு என்றால் ஹோல்ட்டர் என்ற சின்னக் கருவியை ஒரு நாள் முழுக்க மாட்டி அனுப்புவார்கள். அன்று குளியல் இல்லை. படுத்தே கிடக்காமல் வழக்கமான வேலையைச் செய்யுங்கள். படபடப்பு வந்த மணியைக் குறித்து வையுங்கள்.

ஆஞ்சியோ: கையெழுத்துப் போடும் முன்

“ஆஞ்சியோ பண்ணிட்டாங்க” என்று ஊரில் சொல்வதில் இரண்டு வெவ்வேறு காரியங்கள் கலந்துகிடக்கின்றன. ஆஞ்சியோகிராம் என்பது மணிக்கட்டு அல்லது தொடை இடுக்கு ரத்தக்குழாய் வழியாகக் குழாய் விட்டு, சாயம் செலுத்தி, அடைப்பு எங்கே என்று படம் பிடிப்பது. ஆஞ்சியோபிளாஸ்டி என்பது அந்த அடைப்பை விரித்து, குழாய் மறுபடி மூடாமல் தாங்கும் ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாயை வைப்பது. முதலாவதற்குப் பெரும்பாலும் அரை மணி நேரம் போதும். நோயாளிக்கு நினைவு இருக்கும், வலி ஊசி போட்ட அளவுதான். சாயம் போகும்போது உடம்பு சுடுவது போல் இருக்கலாம்.

முன்தயாரிப்பு: சில மணி நேரம் வெறும் வயிறு, சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின் பரிசோதனை, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டால் சொல்வது, முன்பு ஏதாவது சாயத்துக்கு அலர்ஜி வந்திருந்தால் கண்டிப்பாகச் சொல்வது.

அடைப்பு இருந்தால் அப்போதே ஸ்டென்ட் வைக்க ஒப்புதல் கேட்பார்கள். மாரடைப்பு நடந்துகொண்டிருந்தால் யோசிக்கவே வேண்டாம், ஒவ்வொரு நிமிஷத் தாமதத்திலும் இதயத் தசை போய்க்கொண்டிருக்கும். ஆனால் நடந்தால் மட்டும் வலிக்கிற, நிலையான நெஞ்சு வலி என்றால் கேள்வி கேட்க இடம் உண்டு. 2020இல் வெளியான ‘இஸ்கீமியா’ என்ற பெரிய ஆய்வில், ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்ததில், இப்படிப்பட்ட நிலையான நோயாளிகளுக்கு முதலிலேயே ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்ததால் மரணமோ மாரடைப்போ மருந்து மட்டும் கொடுத்தவர்களைவிடக் குறையவில்லை. வலி குறைந்தது, அதுவும் நல்ல பலன்தான். இடது பிரதானக் குழாயில் அடைப்பு, இதயம் மிகப் பலவீனம் போன்றவை அந்த ஆய்வில் சேரவில்லை. ஆகவே “எங்கே அடைப்பு, இன்றே வைக்க வேண்டுமா, மருந்தோடு பார்க்கலாமா?” என்று கேளுங்கள். ஆஞ்சியோ படம் பதிவான குறுந்தகட்டை வாங்கிக்கொண்டு போய் இன்னொரு டாக்டரிடம் காட்ட உங்களுக்கு உரிமை உண்டு. ஸ்டென்ட் விலைக்கு 2017 முதல் மத்திய அரசின் உச்சவரம்பு இருக்கிறது. பில்லில் ஸ்டென்ட்டின் பெயரும் விலையும் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

மணிக்கட்டு வழியாகச் செய்திருந்தால் பொதுவாக அன்றோ மறுநாளோ அனுப்பிவிடுவார்கள், இரண்டு மூன்று நாளைக்கு அந்தக் கையால் குடம் தூக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது. தொடை வழி என்றால் சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். ஏற்காட்டுக்காரர்கள் அன்றைக்கே பஸ் பிடித்து வளைவுகளில் குலுங்கிக்கொண்டு மேலே போகாமல், சேலத்தில் சொந்தக்காரர் வீட்டிலாவது ஒரு ராத்திரி தங்குங்கள். குத்திய இடத்தில் ரத்தம் கசிந்தால் விரலால் அழுத்திப் பிடித்தபடியே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும், மலை உச்சியிலிருந்து அது சுலபம் இல்லை.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும்

பெயர், வயது, தேதி மூன்றும் உங்களுடையதா என்று கவுன்டரிலேயே பாருங்கள். எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் ‘ப்ராமினென்ட் ப்ராங்கோவாஸ்குலர் மார்க்கிங்ஸ்’ (மூச்சுக்குழாய், ரத்தக்குழாய்க் கோடுகள் தூக்கலாகத் தெரிகின்றன) என்று இருந்தால், அந்த ஒரு வரியை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது. ‘ஃபைப்ரோட்டிக்’ என்பது பெரும்பாலும் எப்போதோ ஆறின புண்ணின் தழும்பு. கூகுளில் தேடி ராத்திரியெல்லாம் விழித்திருக்காமல், எழுதிக் கொடுத்த டாக்டரிடமே திரும்பிப் போங்கள். மலையிலிருந்து வருகிறவர்கள் பரிசோதனைக்குப் பணம் கட்டும் முன்பே ரிப்போர்ட் எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்று கேட்டுவிட வேண்டும். மறுநாள் என்றால் போனுக்கு அனுப்பச் சொல்லி நம்பரைக் கொடுத்துவிட்டு வரலாம். பிலிமையும் குறுந்தகட்டையும் மட்டும் அடுத்த ஓபி நாளில் நேரில் வாங்கிக்கொண்டு அப்படியே டாக்டரைப் பார்த்துவிடலாம்.